ஒன்பதாம் நாள் வைக்காத விரல்

கோவில்பட்டியில் காலையில் பால் பொங்குகிற நேரமும் விரல் வைக்கிற நேரமும் ஒன்று. பிள்ளை வேண்டும் என்று தீர்மானித்த வீடுகளில், அடுப்பு மேடையில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில், உள்ளங்கை அகலத்தில் வெள்ளையாக ஒரு தட்டு இருக்கும். அதற்கு இசைவுத்தட்டு என்று பெயர். புருஷன் கட்டைவிரலை வைப்பான். பெண்டாட்டியும் வைப்பாள். தட்டு பச்சையாக ஒரு முறை சிமிட்டும். அன்று ஒரு நாளைக்குத் தாழ் திறந்திருக்கும். மறுநாள் காலையில் மறுபடியும் இரண்டு விரல் வேண்டும். ஒரு விரல் வராவிட்டாலும் தாழ் தானாக மூடிக்கொள்ளும்.

தாழ் என்பது அரிசிமணியளவு கருவி. ஆணின் விந்துக்குழாய் இரண்டிலும் குழாய்க்கு ஒன்றாகப் பொருத்துவார்கள். மருந்து கிடையாது, ஹார்மோன் கிடையாது. கதவு மாதிரி திறக்கும், மூடும். அது வந்த பிறகு ஊரில் மாத்திரை விழுங்குகிற பெண்கள் அருகிப்போனார்கள்.

மிஞ்சியிருந்த சிலரில் ஒருத்தி உலகம்மை. அவள் கணவன் நம்பிராஜன், மின்பேருந்துப் பணிமனையில் மேற்பார்வையாளன், கல்யாணமாகி ஒரு வருஷமாகத் தாழ் பொருத்துவதைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தான். ஆடி கழியட்டும் என்பான். ஆடி கழிந்தால் தீபாவளி கழியட்டும் என்பான். அவன் கெட்டவன் இல்லை, பயந்தவன். அதுவரை உலகம்மை தினமும் ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள்.

அவள் வேலை சாதாரண வேலை இல்லை. கயத்தாற்றில் நிற்கும் காற்றாலைகளின் இறக்கையில் கயிறு கட்டித் தொங்கி, வெடிப்புகளைத் தேய்த்துப் பூசி அடைப்பவள். நூற்று இருபது மீட்டர் உயரத்தில், கீழே போகிற ஆட்டுமந்தை சோளப்பொரி சிந்தியது போலத் தெரியும். அந்த வட்டாரத்தில் அந்த வேலை செய்த பதினோரு பேரில் பெண் அவள் ஒருத்திதான். அதை அவளாக யாரிடமும் சொல்லமாட்டாள். வேறு யாராவது சொன்னால் மறுக்கவும் மாட்டாள்.

ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்கு, இறக்கையின் நுனியருகே தொங்கிக்கொண்டிருந்தபோது, அவள் வலக்கண் ஓரத்தில் வெள்ளிக்கம்பி மாதிரி ஏதோ ஒன்று நெளிந்தது. சிமிட்டினாள். போகவில்லை. அது பல்பல்லாக வளைந்து பெரிதாகிக்கொண்டே வந்தது. கையில் இருந்த தேய்ப்புக் கருவியின் பாதி காணாமல் போயிற்று. இறக்கையின் பாதியும் காணவில்லை.

பயப்படாமல் செய்ய வேண்டியதைச் செய்தாள். இரண்டாவது கொக்கியையும் கயிற்றில் மாட்டினாள். கருவியை இடுப்புவாரில் பூட்டினாள். "கீழ, ஒரு இருபது நிமிசம் அசையாம நிக்கேன். கண்ணு சரியில்ல. யாரும் காத்தாடியைத் தொடாதீங்க" என்று காதுக்கருவியில் நிதானமாகச் சொன்னாள். கண்ணை மூடி, காற்றில் ஆடியபடி, மூச்சை எண்ணிக்கொண்டிருந்தாள். மின்னல் அடங்கியதும் மண்டையைப் பிளக்கிற வலி வந்தது. அந்த வலியோடு தானே இறங்கினாள். தரையில் கால் வைத்ததும் வாந்தி எடுத்தாள். ஆனால் மேலிருந்து ஒரு திருகாணிகூடக் கீழே விழவில்லை.

மறுநாள் கணவனும் மனைவியும் டாக்டர் மெஹர்நிஷா முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டரம்மா மேலப்பாளையத்துக்காரர், சுற்றி வளைக்காமல் பேசுபவர்.

"கண்ணுல மின்னல் வந்து அப்புறம் ஒத்தத் தலைவலி வர்றவங்களுக்கு இந்த மாத்திரை ஆகவே ஆகாது. மூளைக்குப் போற ரத்தக்குழாய் அடைச்சுக்கிற ஆபத்து கூடிரும். இன்னையோட நிறுத்திருங்க. முன்னாடி இப்படி வந்திருக்கா?"

"ரெண்டு தடவை. வீட்ல இருக்கப்ப. வெயில்னு நெனச்சிட்டேன்" என்றாள் உலகம்மை.

நம்பி அவளைத் திரும்பிப் பார்த்தான். அவனுக்கு அது தெரியாது.

டாக்டர் மேசை இழுப்பறையைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். "ஹார்மோன் இல்லாததா மட்டும் பாப்போம். இது ஆணுறை. பத்திரமாப் போட்டா நல்லதுதான். நோயும் அண்டாது. ஆனா ஆளு அவசரத்துல தப்பு பண்ணுவாங்க. இந்த ரப்பர் கிண்ணம், களிம்பு தடவி உள்ள வச்சுக்கிறது. பழகணும், மறக்கக் கூடாது. நாள் பாத்து, உடம்புச் சூடு பாத்து ஒதுங்கி இருக்கிறது ஒண்ணு இருக்கு. ராத்திரி பகல்னு மாத்தி மாத்தி வேலைக்குப் போற உங்களுக்கு அது தோதுப்படாது. இது காப்பர்-டி. ஒரு தடவை போட்டா பத்து வருசம். எப்ப வேணும்னாலும் எடுத்துக்கலாம். முதல் சில மாசம் மாதவிலக்கு கொஞ்சம் கூடுதலாப் போகலாம், வயிறு இழுத்துப் பிடிக்கலாம். கடைசியா, தாழ். அது உங்களுக்கு இல்ல, இவருக்கு."

உலகம்மை காப்பர்-டியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். "இதப் போட்டுக்கிடுதேன் டாக்டர்."

"எனக்குப் போடுங்க" என்றான் நம்பி அதே நேரத்தில்.

உலகம்மை அவனைப் பார்க்காமலே சொன்னாள்: "ஒரு வருசமா ஆடி போகலியே, இப்ப எப்படிப் போச்சு?"

நம்பியின் காது சிவந்தது. "நீ அந்தரத்துல கண்ணு தெரியாமத் தொங்கியிருக்க. நான் கீழ ஊசிக்குப் பயந்துக்கிட்டு இருந்திருக்கேன். இதுக்கு மேல என்னத்தச் சொல்ல?"

அவன் சொன்னது அவளுக்குப் பிடித்திருந்தது. ஆனாலும் பிடித்ததற்காக ஒத்துக்கொள்கிற பெண் அல்ல அவள். "டாக்டர், என் வயித்துல வைக்கிறது என் கையில இருக்கும். அவர் உடம்புல வைக்கிறது அவர் கையிலதான இருக்கும்? நாளைக்கு அவருக்கு மட்டும் பிள்ளை ஆசை வந்துச்சுன்னா?"

டாக்டர் இசைவுத்தட்டை எடுத்து அவள் பக்கம் தள்ளினார். "ரெண்டு விரலும் வேணும். தூங்குறவங்க விரலை இது ஏத்துக்காது. தினமும் காலையில புதுசா வைக்கணும்."

"இது பழுதாயிட்டா? மின்கலம் தீந்துட்டா எந்தப் பக்கம் நிக்கும்?"

இந்தக் கேள்வியை டாக்டரிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை. "மூடின பக்கம். தாழுக்கு இயல்பே மூடியிருக்கறதுதான். திறந்து வைக்கத்தான் அதுக்குத் தெம்பு வேணும். ஒண்ணுமில்லேன்னா ஒரு சின்ன வில்லு தள்ளி மூடிரும்."

உலகம்மையின் முகம் தெளிந்தது. காற்றாலையின் பிரேக்கும் அப்படித்தான். மின்சாரம் இருக்கிறவரை பிரேக் விலகி நிற்கும். மின்சாரம் போய்விட்டால் வில் அமுக்கி, சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். யாரும் ஓடிவந்து நிறுத்த வேண்டியதில்லை. அந்த ஒரு பிரேக்கை நம்பித்தான் அவள் ஐந்து வருஷமாக இறக்கையில் தொங்கினாள்.

"அப்ப இது எனக்குத் தெரிஞ்ச சாமான்தான். இதையே வச்சிருங்க."

"அவசரப்படாதீங்க. பொருத்தின பிறகு மூணு மாசம் ஆணுறை. அப்புறம் பரிசோதனை. அதுல சுத்தமா ஒண்ணும் இல்லேன்னு நான் எழுதிக் குடுத்த பிறகுதான் நம்பணும். நோய் வராம இருக்கறதுக்குத் தாழ் உதவாது, அதையும் தெரிஞ்சுக்கங்க" என்றார் டாக்டர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நம்பியின் அண்ணன் சங்கரவேல் வீட்டுக்கு வந்தான். அவர்கள் குடும்பத்தில் எந்த ஆணும் இதுவரை தாழ் பொருத்தவில்லை. "ஆம்பளை உடம்புல பூட்டுப் போடுதானாம். சாவியில பாதி பொம்பளைகிட்டயாம். நம்ம அப்பா கேட்டா என்ன சொல்லுவாரு?" என்று கூடத்தில் நின்று சத்தம் போட்டான்.

நம்பி சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான்: "அண்ணாச்சி, எம்பொண்டாட்டி நூத்தி இருபது மீட்டர் ஏறுதா. நீங்க மாடிக்குத் தண்ணித்தொட்டி பாக்க ஏறுனா ஏணியப் பிடிக்க ரெண்டு பேர் வேணும். ஆம்பளை பொம்பளைக் கணக்க நாம பேசாண்டாம்."

உள்ளே ரசம் தாளித்துக்கொண்டிருந்த உலகம்மைக்கு அது கேட்டது. அன்று ரசத்தில் உப்பு இரண்டு தரம் விழுந்துவிட்டது. நம்பி ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டான்.

தாழ் வந்தது. மூன்று மாதத்தில் டாக்டர் எழுதிக் கொடுத்தார். உலகம்மைக்குக் கண்ணில் மின்னல் வருவது நின்றது. இரண்டு வருஷம் தட்டு அலமாரியில் துணியடியில் கிடந்தது.

பிறகு ஒரு தை மாதம், இருவருமாகப் பேசி முடிவெடுத்து, அதை அடுப்பு மேடையில் கொண்டுவந்து வைத்தார்கள். முதல் நாள் தட்டு பச்சையாகச் சிமிட்டியபோது இரண்டு பேருமே சிரித்துவிட்டார்கள். இரண்டாம் நாள் நம்பி பல் விளக்காமல் ஓடிவந்து விரல் வைத்தான். எட்டு நாள் அப்படிப் போயிற்று.

எட்டாம் நாள் மாலை உலகம்மைக்கு ஒரு அழைப்பு வந்தது. தூத்துக்குடிக்குக் கிழக்கே நடுக்கடலில் முப்பது காற்றாலைகள் நிறுத்தப்போகிறார்கள். இறக்கை ஏற்றும் அணிக்குத் தலைமை தாங்க அவளைக் கேட்டார்கள். பதினான்கு மாத வேலை. கடலில் ஒரு மிதவைமேடையிலேயே தங்க வேண்டும். கர்ப்பமாக இருப்பவர்களை அந்த மிதவைமேடையில் ஏற்றமாட்டார்கள். நாளை மதியத்துக்குள் பதில் வேண்டும்.

அவள் அதை நம்பியிடம் சொல்ல இரண்டு தரம் வாயெடுத்தாள். அவன் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டே, பிள்ளைக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தான். சொல்ல வரவில்லை.

ஒன்பதாம் நாள் காலை நம்பி விரல் வைத்தான். உலகம்மை அடுப்பைப் பார்த்தபடி நின்றாள். பால் பொங்கியது, இறக்கினாள். காப்பி கலந்தாள். தட்டு பத்து நிமிடம் மஞ்சளாக எரிந்து காத்திருந்துவிட்டு, அணைந்தது.

"மறந்துட்டியா?" என்றான் நம்பி.

"இல்ல."

அவன் தம்ளரைக் கீழே வைத்தான். "என்ன விசயம்?"

அவள் சொன்னாள். கடலை, முப்பது கோபுரத்தை, பதினான்கு மாதத்தை. சொல்லச் சொல்ல அவள் குரல் உயர்ந்தது. அழுவாள் என்று நினைத்தான். அழவில்லை, ஆசைப்பட்டாள். அது அவள் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

"வாயத் திறந்து சொல்லியிருக்கலாம்லா?"

"உங்க மொகத்தப் பாத்து வேண்டாம்னு சொல்ல எனக்கு வாய் வரல. அதுக்குத்தான இந்தத் தட்டைச் செஞ்சிருக்கான்?"

நம்பி மூன்று நாள் அவளோடு பேசவில்லை. நான்காம் நாள் பணிமனையில் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, தூத்துக்குடிப் படகுத்துறை வரை கூட வந்தான். படகு நகரும்போது, "முப்பதும் நிக்கணும், பாத்துக்கோ" என்று கத்தினான்.

முப்பதும் நின்றன. கடைசிக் கோபுரத்தின் மூன்றாவது இறக்கை பூட்டி முடிந்த அன்று, உலகம்மை அதன் தலையில் ஏறி நின்று மேற்கே பார்த்தாள். கரை ஒரு கோடாகத் தெரிந்தது. அந்தக் கோபுரங்களில் பிறக்கிற மின்சாரத்தில்தான் கோவில்பட்டிப் பேருந்துகள் இப்போது ஓடுகின்றன. நம்பி பணிமனைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் அதைச் சொல்லாமல் விட்டதில்லை.

திரும்பி வந்து இரண்டு மாதம் கழித்து, தட்டைத் துடைத்து மறுபடி மேடையில் வைத்தவள் அவள்தான். இந்த முறை நாற்பத்தேழு நாள் விடாமல் இரண்டு விரலும் விழுந்தன. நாற்பத்தெட்டாம் நாள் தேவைப்படவில்லை. பெண் குழந்தை. ஆவுடையம்மை என்று பெயர் வைத்தார்கள், வீட்டில் ஆவுடை.

ஆவுடை வளர்ந்த பன்னிரண்டு வருஷத்தில் உலகம் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டது.

தட்டு ஒவ்வொரு விரலையும் நாளோடு பதிந்து வைக்கும். பழுது பார்க்க வசதியாக இருக்கட்டும் என்றுதான் அதைச் செய்தவர்கள் அப்படி வைத்தார்கள். பிறகு, தன்னை எப்படி அழைத்தார்கள் என்று தெரிந்துகொள்வது பிள்ளையின் உரிமை என்று ஒரு சட்டம் வந்தது. பன்னிரண்டு வயது முடிந்ததும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்தப் பதிவு நீளமான காகித நாடாவில் அச்சாகி வரும். அப்பா விரல் நீலப் புள்ளி, அம்மா விரல் சிவப்புப் புள்ளி. சோடி சோடியாகப் புள்ளிகள் ஓடுவதால் அதற்குக் கோடு என்று பெயர் விழுந்தது.

முதலில் எல்லாருக்கும் கண்ணீர் வந்தது. எங்களைக் கேட்டு, காத்திருந்து, கூப்பிட்டிருக்கிறார்கள் என்று பிள்ளைகள் நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு தெருவில் ஓடினார்கள். அப்புறம் அறுபடாத கோடு, அறுந்த கோடு என்று பேச்சு வந்தது. கல்யாணப் பத்திரிகையில் 'அறுபடாத கோட்டுப் பிள்ளை' என்று அச்சடித்தார்கள். அந்தப் பேச்சு வந்த பிறகு விரல் வைக்கத் தொடங்கிய பெண்கள், காய்ச்சலில் கிடந்தாலும் எழுந்து வந்து விரல் வைத்தார்கள். சண்டை போட்டு ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தவர்கள்கூடக் காலை ஏழு மணிக்கு மேடைப் பக்கம் வந்து, முகம் பார்க்காமல் விரலை வைத்துவிட்டுப் போனார்கள். நாளைக்குப் பிள்ளை படிக்குமே.

ஆவுடைக்கு அந்த ஆவணியில் கோடு வந்தது. வகுப்பில் பிரித்துப் பார்த்தாள். எட்டுச் சோடிப் புள்ளி. ஒன்பதாவதில் நீலம் மட்டும் தனியாக. அப்புறம் ஐந்நூறு நாள் வெறும் காகிதம். அப்புறம் நாற்பத்தேழு சோடி.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜெபமலர் எட்டிப் பார்த்தாள். அவளும் ஆவுடையும் ஒன்றாம் வகுப்பிலிருந்தே சேர்த்தி. ஜெபமலர் கோடு இருநூற்றுப் பன்னிரண்டு நாள். ஒரு புள்ளி விடவில்லை. பள்ளிக்கூடத்திலேயே அறுபடாத கோடுகளில் அதுதான் நீளம். "ஏட்டி, ஒங்கம்மா நடுவுல நிறுத்திட்டாங்களா?" என்று அவள் மெதுவாகத்தான் கேட்டாள். ஆனால் வகுப்பு முழுக்கக் கேட்டது.

வீட்டுக்கு வந்த ஆவுடை பையைக்கூட இறக்காமல் நாடாவைச் சாப்பாட்டு மேசையில் விரித்தாள். அந்த ஒற்றை நீலப் புள்ளியில் விரலை வைத்தாள்.

"எம்மா, இங்க ஒன் விரல் எங்க?"

உலகம்மை கேட்ட கேள்வியைப் பூசி மெழுகுகிறவள் இல்லை. அருகில் உட்கார்ந்து சொன்னாள்: "வைக்கல."

"என்னய வேண்டாம்னு நெனச்சியா?"

"அப்ப நீ இல்ல, ஆவுடை. அன்னைக்கு வந்திருந்தாலும் வந்திருக்கப்போறது நீ இல்ல, வேற ஒரு பிள்ளை. எனக்குக் கடல்ல கோபுரம் நிறுத்தணும்னு ஆசை. அந்த ஆசையோட ஒரு பிள்ளையக் கூப்பிட்டா, காலம்பூரா அதோட மொகத்துல நான் அந்தக் கடலத் தேடியிருப்பேன். அதான் நிறுத்துனேன். போய் வேலைய முடிச்சிட்டு வந்து, நானே தட்டைத் துடைச்சு வச்சு உன்னக் கூப்பிட்டேன்."

ஆவுடை நாடாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா விரல் மட்டும் தனியா நிக்கி. பாக்கப் பாவமா இருக்கு."

வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த நம்பி உள்ளே வந்தான். "பாவமெல்லாம் ஒண்ணும் இல்ல. கோவமாத்தான் இருந்துச்சு. மூணு நாள் பேசல. நாலாம் நாள் இவ பெட்டியத் தூக்குனேன். ஒங்கம்மா மட்டும் அன்னைக்கு எனக்குப் பயந்து விரல் வச்சிருந்தான்னா, அந்தப் புள்ளி பொய். இதுல இருக்க புள்ளி எல்லாம் நெசம். அந்த வெறுங் காகிதமும் நெசம்."

ஆவுடை நாடாவைச் சுருட்டினாள். அழவில்லை. அந்தப் பழக்கம் யாரிடமிருந்து வந்தது என்று நம்பிக்குத் தெரியும்.

பத்து நாள் கழித்துப் பள்ளிக்கூடத்தில் கோட்டு விழா. பெரிய கூடத்தின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குக் கயிறு கட்டி, பிள்ளைகளின் நாடாக்களைத் தோரணமாகத் தொங்கவிடுவார்கள். பெற்றோர் ஒவ்வொருவராக வந்து மாட்ட வேண்டும். தலைமையாசிரியை நல்ல மனுஷி. உலகம்மையைத் தனியாக அழைத்தார். "சில பேர் அறுந்த இடத்த மடிச்சு ஊசி குத்திருவாங்க. வெளிய தெரியாது. பிள்ளைகளுக்குச் சங்கடம் வேண்டாம்னுதான் சொல்றேன்."

அப்போதுதான் உலகம்மை கயிற்றை நிமிர்ந்து பார்த்தாள். ஏற்கெனவே தொங்கிய நாடாக்களில் பலவற்றில் சின்னச் சின்ன மடிப்புகள், குண்டூசிகள். மடிக்கப்பட்ட ஒவ்வொன்றிலும் யாரோ ஒருத்தி ஒருநாள் காலையில் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

"என்ன செய்யலாம் ஆவுடை?" என்று மகளிடம் கேட்டாள். "ஒன் கோடு இது. நீ சொல்லுதபடி."

ஆவுடை தலைமையாசிரியையைப் பார்த்தாள். பிறகு, "மடிக்காண்டாம்மா. மடிச்சா அந்தக் கடல்ல நிக்கிற முப்பதையும் எங்க கொண்டுபோய் வைக்க?" என்றாள்.

உலகம்மை நாடாவை முழு நீளத்துக்கும் விரித்து மாட்டினாள். நடுவில் வெறுங் காகிதம் மட்டும் கூடத்தில் பாதி தூரம் ஓடியது. சலசலப்புக் கேட்டது. அவளுக்கு மேடைப் பேச்சு வராது. உயரத்திலிருந்து கீழே இருப்பவர்களுக்குச் சொல்லுகிற குரலில் சொன்னாள்:

"ஒன்பதாம் நாள் விரல் வைக்காதது நாந்தான். மறதி இல்ல, காய்ச்சல் இல்ல. எனக்கு அப்ப வேற வேலை இருந்துச்சு. இந்தச் சாமானை நான் எடுத்ததே, ஒருத்தர் கையெடுத்தாப் போதும் நின்னுரும்னு சொன்னதாலதான். நிறுத்தப் பயந்தம்னா, நாம வச்சிருக்கறது பிரேக் இல்லாத காத்தாடி. எம்மகளை ரெண்டு விரலும் மனசோட இருந்த நாள்ல கூப்பிட்டோம். எனக்கு அதுல ரொம்பப் பெருமை."

ஆவுடை கூட்டத்தைப் பார்த்து, நெஞ்சை நிமிர்த்தி, அம்மா பக்கத்தில் நின்றாள். முதலில் யாரும் கை தட்டவில்லை. பின்வரிசையில் ஒரு பெண் எழுந்து வந்தாள். கயிற்றில் இருந்த தன் பிள்ளை நாடாவின் குண்டூசியை உருவி, மடிப்பைப் பிரித்துவிட்டு, பேசாமல் போய் உட்கார்ந்தாள். அப்புறம் இன்னொருத்தி. கூடம் முழுக்கக் காகிதம் நீள ஆரம்பித்தது. நம்பி சுவரோரம் நின்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தான்.

அடுத்த மாதம் டாக்டர் மெஹர்நிஷா கூப்பிட்டார். "என்னம்மா பண்ணி வச்சீங்க? என்கிட்ட வர்றவங்கல்லாம் 'நேத்து வைக்கல டாக்டர்'னு தைரியமாச் சொல்றாங்க. சிரிச்சிட்டே சொல்றாங்க. முந்தியெல்லாம் அழுவாங்க." உலகம்மைக்கு அன்றைக்கு நாள் முழுக்கக் கால் தரையில் பாவவில்லை.

ஆனால் ஊர் எந்த விஷயத்தையும் பாதியில் விடுகிற ஊர் இல்லை. தை பிறப்பதற்குள் பள்ளிக்கூடத்தில் பேச்சு தலைகீழானது. அறுந்த கோட்டுப் பிள்ளைகள், "எங்கம்மா ரெண்டு தடவ யோசிச்சா" என்றும் "எங்கப்பா ஒரு வருசம் யோசிச்சாரு" என்றும் நடு மைதானத்தில் நின்று சொல்லிக்கொண்டார்கள். வெறுங் காகிதத்தின் நீளத்தை அடிக்கோல் வைத்து அளந்தார்கள்.

ஒரு சனிக்கிழமை காலை ஜெபமலர் வந்தாள். ஆவுடையைத் தேடவில்லை, நேரே சமையலறைக்கு வந்து உலகம்மை பக்கத்தில் நின்றாள். கையில் அவளுடைய இருநூற்றுப் பன்னிரண்டு நாள் நாடா. கண் வீங்கியிருந்தது.

"அத்தே, எங்கம்மா என்னப் பத்தி ஒரு நாளுமே யோசிக்கலியா? சும்மா வரிசையா வச்சுக்கிட்டே போயிருக்காங்க."

"ஒன்மேல அவ்வளவு ஆசைட்டி" என்றாள் உலகம்மை. சொல்லும்போதே அது போதாது என்று தெரிந்தது.

மகளைத் தேடி ஜெபமலரின் அம்மா மேரிப்பிரபாவும் வந்துவிட்டாள். வாசல்படியிலேயே எல்லாம் கேட்டிருந்தது. உள்ளே வந்து, நாடாவைக் கையில் வாங்கி, மெதுவாக இழுத்துக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தினாள்.

"நூத்து முப்பத்தொண்ணாம் நாள்" என்றாள். "எங்கப்பாவை அடக்கம் பண்ணிட்டு வந்த மறுநாள். எனக்கு எதுவும் வேண்டாம்போல இருந்துச்சு. பிள்ளையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். எங்க மாமியார் தட்டுப் பக்கத்துலயே நின்னாங்க. இத்தன நாள் வச்சது வீணாயிரும், வையின்னாங்க. வச்சேன். வச்சுட்டுப் பின்னால போய் அழுதேன். இது வரைக்கும் ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல."

உலகம்மை அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு அந்த மாமியார் மேல் பற்றிக்கொண்டு வந்தது. சொல்லக் கூடாத ஒன்றை இந்தப் பெண்ணிடமிருந்து பிடுங்கிவிட்டோமே என்றும் இருந்தது.

ஜெபமலர் மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். முகம் பளிச்சென்று மலர்ந்துவிட்டது.

"நெசமாவாம்மா? அன்னைக்கு வேண்டாம்னு நெனச்சியா?"

"ம்."

"இத ஏம்மா முந்தியே சொல்லல!"

அலமாரியில் கிடந்த சிவப்புப் பேனாவை எடுத்து, நூற்று முப்பத்தோராம் நாள் புள்ளியைச் சுற்றிப் பெரிதாக ஒரு வட்டம் போட்டாள். மை காயட்டும் என்று ஊதினாள். நாடாவைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு, ஆவுடையிடம் காட்ட மாடிப்படியில் இரண்டிரண்டாகத் தாவி ஏறினாள். கீழே இரண்டு அம்மாக்களும், ஒருவர் கையை ஒருவர் விடாமல், அவள் ஏறிப்போன படியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.